மூன்று இஞ்ச் ஆசை

இன்று டயர் கடையில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

எங்கள் ஜீப்பை மூன்று இஞ்ச் உயரம் தூக்கி, சேற்றிலும் காட்டுப் பாதையிலும் ஓடும் பெரிய மட் டயர் போடக் கேட்டேன்.

"தினமும் எங்கண்ணே ஓடுது?" என்றார் மெக்கானிக்.

"சிறுமலைக் காட்டுக்குள்ள."

பக்கத்தில் நின்ற மனைவி, "பள்ளிக்கூடம், மார்க்கெட்டு, கறிக்கடை. அம்புட்டுத்தான் தம்பி" என்றாள்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அப்ப மட் டயரு வேணாம்ணே, தார் ரோட்டுல ஊளையிடும். இம்புட்டுத் தூக்குனா அக்கா சேலையோட ஏற முடியாது."

"ஏறுறதுக்கு ஸ்டூல் வாங்கித் தாரேன்" என்றேன் அவளிடம்.

"வாங்குங்க. அதுல நீங்களே உக்காந்திருங்க, நான் போறேன்."

கடைசியில் சாதா டயர்தான். உயரமும் பழைய உயரமே.

ஜீப் வைத்திருக்கும் நண்பர்கள் ஆறுதல் சொல்லலாம்.

மெக்கானிக்கிடம் சொல்லாதது ஒன்றுதான்: ஜீப்பை ஓட்டுவது அவள். எனக்கு ஓட்டத் தெரியாது.