கண்ணாடிப் படகின் அடியில் ஒரு வட்டம்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்துபோய்க் காப்பி கலக்கிக்கொள்கிறவன் நான். என் தொழில் அப்படி. ஒரு பொருள் எவ்வளவு சுமை தாங்கும், எங்கே விரிசல் விடும், எதனால் விட்டது என்று பார்த்துப் பார்த்தே ஐம்பதை நெருங்கிவிட்டவனுக்கு, காரணமில்லாமல் ஒன்று நடக்கும் என்று நம்ப மனம் வராது. படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நடந்ததை நடந்தபடிதான் எழுதுகிறேன், அதுவும் இருட்டில் அல்ல, கண்கூசும் பகலில் நடந்தது.

மலாய் நாட்டில், காட்டுக்குள் ஒளிந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம் முடியாத வருடங்கள் அவை. அலோர் காஜாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் ரப்பர் தகடுகளை உலர்த்திய பழைய புகைக்கூடம்தான் எங்கள் சோதனைச்சாலை. நானும் செல்வமும் அங்கே ஆராய்ச்சி செய்தோம். மணலை உருக்கி, தலைமுடியைவிட மெல்லியதாக இழுத்த கண்ணாடி நார் கப்பலில் சுருள் சுருளாக வரும். அச்சின் மேல் அதை விரித்துப் பிசின் பூச வேண்டும், காய்ந்ததும் அதன் மேல் இன்னொரு விரிப்பு, மறுபடியும் பிசின். இப்படிப் படலம் படலமாக ஏற்றினால் பலகையைவிட லேசான, கரையான் அரிக்காத, துருப்பிடிக்காத ஒரு தகடு கிடைக்கும். அதில் மீன்பிடி படகு செய்யலாம் என்றான் செல்வம்.

படகில் அவனுடைய சொந்தக் காரியமும் கலந்திருந்தது. லோரிக்கார முத்தையா அண்ணனின் மகள் சாரதாவை அவன் பெண் கேட்டிருந்தான். சாரதாவுக்குச் சம்மதம், அண்ணன்தான் மசியவில்லை. எங்கள் சாமான்களை ஏற்றி இறக்குவது அவருடைய லோரி என்பதால், வந்துபோகும்போதெல்லாம் எங்களைக் கேலி செய்ய அவருக்கு வசதி.

“கிளாசு கீழ விழுந்தா ஒடையுது. அதுல படகு செஞ்சி கடல்ல விடுறேங்குறான். இவன நம்பி பொண்ண குடுக்கணுமா, கெரானி?” என்று என்னிடம் கேட்பார்; கணக்கு எழுதுகிற எவனும் அவருக்குக் கெரானிதான்.

“மாமா, இது அந்தக் கிளாசு இல்ல.”

“யாருடா மாமா? கல்யாணம் முடிஞ்சப்புறம் கூப்புடு. ஒன் படகுல நானும் ஏறுறேன். கால் நனையாம கரைக்கு வந்தேன்னா பொண்ணு ஒனக்கு. நனஞ்சிச்சின்னா இந்தப் பேச்சே வேணாம்லா.”

செல்வம் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டான். அன்று முழுக்கப் பிசினை ஒரு முறைக்கு மூன்று முறை அளந்து கலக்கினான்.

படகு முடிந்ததும் தட்டிப் பார்ப்பது என் வேலை. இதற்குக் கருவி எதுவும் இல்லை, ஒரு காசு போதும். அந்த நாளின் சதுரமான செப்புக் காசு ஒன்றை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பேன். முனையிலிருந்து தொடங்கி, ஒரே இடத்தில் இரண்டு தட்டு வேகமாக, ஒன்று நிதானமாக, பிறகு ஒரு சாண் நகர்ந்து மறுபடியும். படலங்கள் ஒட்டியிருந்தால் டிண் என்று கேட்கும், உள்ளே பிரிந்திருந்தால் பொத்தென்று கேட்கும். பொத்தென்ற இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, நடுவில் புள்ளி வைப்பேன். அந்தப் படகில் ஒரு வட்டம்கூடப் போடவில்லை. முழுப் படகும் வெண்கலம் போல ஒலித்தது.

கடலோர மீனவர் ஊரான உம்பாய்க்குப் போலீஸ் அனுமதியோடு போனோம். ஊரடங்கு நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். சுமைக்கு மணல் மூட்டை ஏற்றினோம். “அரிசி மூட்டைன்னா திட்டமா நிக்குமே” என்றான் செல்வம். “காட்டுக்குள்ள இருக்கறவனுக்குச் சோறு கொண்டுபோறோம்னு மூணு பேரையும் உள்ள தள்ளவா?” என்றார் அண்ணன். சாரதா லோரியின் முன்னிருக்கையில் உட்கார்ந்து, எங்களைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடல் எண்ணெய் போலக் கிடந்தது. செல்வம் துடுப்புப் போட, படகு அழகாகப் போனது. அண்ணன்கூட இரண்டு தரம் “ம்” என்றார். கரையில் நிற்பவர்கள் பொட்டுப் பொட்டாகத் தெரியும் தூரம் வந்தபோதுதான் அது கேட்டது. முனையின் அடியில், தண்ணீருக்குள்ளிருந்து, டிண் டிண், டிண்.

“மீனு மூக்கால இடிக்குது” என்றார் அண்ணன்.

நான் குனிந்து காது கொடுத்தேன். ஒரு சாண் நகர்ந்து மறுபடியும் இரண்டு வேகமாக, ஒன்று நிதானமாக. பிறகு இன்னொரு சாண். நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயத்தைவிட ஒரு விசித்திரமான மகிழ்ச்சிதான் வந்தது, தன் கையெழுத்தைப் பிறர் வீட்டுச் சுவரில் பார்ப்பது போல. வரிசை தவறாமல் அது எங்கள் காலடியைக் கடந்து பின்பக்கம் போனது. அண்ணன் உட்கார்ந்திருந்த பலகைக்கு நேர்கீழே நின்றது. பொத் பொத், பொத்.

“செல்வம், கரைக்குத் திருப்பு” என்றேன்.

“என்னா அண்ணே, நல்லாத்தானே போவுது?”

“திருப்புடா.”

ஆழமில்லாத இடம் வந்ததும் செல்வம் குதித்தான். அண்ணனும் இறங்கப் பார்த்தார். அவன் விடவில்லை. வேட்டியோடு அவரை முதுகில் தூக்கிக்கொண்டு, அலையில் தள்ளாடித் தள்ளாடி மணலில் கொண்டுபோய் இறக்கினான். “கால் நனையல மாமா, பாத்துக்குங்க” என்றான் மூச்சு வாங்க. கரையிலிருந்த மலாய் மீனவர்கள் கைதட்டினார்கள்.

படகைக் கவிழ்த்தோம். ஈரம் சொட்டும் அடிப்பகுதியில், அண்ணனின் இருக்கைக்கு நேராக, வெள்ளைச் சுண்ணக்கட்டி வட்டம் ஒன்று இருந்தது. நடுவில் புள்ளி. தொட்டேன், தூள் விரலில் வந்தது. சுற்றிலும் ஈரம், வட்டம் மட்டும் காய்ந்திருந்தது. என் சுண்ணக்கட்டி அலோர் காஜாவில் மேசை மேல் கிடந்தது.

காசை எடுத்துத் தட்ட எனக்குக் கை வரவில்லை, கட்டைவிரலால் அழுத்தினேன். அமுங்கியது, ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. கரையில் தட்டியபோது ஒட்டியது போல ஒலித்த படலம் சுமை ஏறியதும் பிரிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் அண்ணனின் காலுக்கடியில்தான் கடல் உள்ளே வந்திருக்கும். கத்தியால் மேல்படலத்தை அறுத்து உரித்தேன்.

உள்ளே சந்தனப் பொட்டு இருந்தது. நல்லெண்ணெயில் குழைத்த சந்தனம், நடுவில் குங்குமம். எண்ணெய் பட்ட இடத்தில் பிசின் ஒட்டாது, எங்கள் தொழிலில் முதல் பாடமே அதுதான். செல்வம் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். முத்தையா அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கடலைப் பார்த்தார்.

அதற்குள் சாரதா இறங்கி வந்துவிட்டாள். “அப்பா, நெத்தியில வைக்கிற பொட்ட படகு வயித்துலயா வச்சீங்க?”

“புது லோரி எடுத்தா வைக்கிறதில்லையா? அன்னிக்கிச் சாமான் எறக்க வந்தப்ப உள்ள யாரும் இல்ல, விரிப்பத் தூக்கி அடியில வச்சேன்.” துண்டை உதறித் தோளில் போட்டார். “கண்ணாடிய நம்பி அந்தப் பையன் கடல்ல எறங்கறான். அவனுக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதான்.”

செல்வம் மெதுவாக, “மாமா” என்றான்.

“என்னாடா” என்றார் அண்ணன்.

அவ்வளவுதான், கல்யாணம் அங்கேயே நிச்சயமாகிவிட்டது. உம்பாய்க் கடைக்காரர் சுட்ட மீனும் தேநீரும் கொடுத்தார், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். அந்த இடத்தைச் சுரண்டி, புதுப் படலம் வைத்து அடைத்தோம். அடுத்த முறை அதே சுமையோடு அண்ணனே துடுப்புப் போட்டார். படகு இன்றும் உம்பாயில் கடலுக்குப் போகிறது. இப்போது பொட்டு வெளியே, முனையில் இருக்கிறது.

தட்டியது யார் என்று கேட்பீர்கள். அண்ணனிடம் கேட்டால் பொட்டு வைத்த சாமி என்பார், செல்வம் மீன் என்பான். எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர்களிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று வீடு திரும்பிச் சட்டையைக் கழற்றியபோது துணி காய்ந்துதான் இருந்தது. பைக்குள்ளிருந்த காசு மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, அதன் ஒரு முனையில் சுண்ணத் தூள் ஒட்டியிருந்தது. இப்போது மேசை இழுப்பறையில் இருக்கிறது. துடைத்து, துணியில் சுற்றி வைக்கிறேன். வேலைக்கு எடுக்கும்போதெல்லாம் அதன் மேல் புதிதாக உப்புப் பூத்திருக்கிறது.