நாலு பேருக்கு மூன்று பாஸ்போர்ட்

எங்கள் குடும்பத்தில் காரணம் சொல்லாமல் புதுச் சட்டை போட்டுவிட்டால் அன்றைக்கு யாருக்கோ வலிக்கப் போகிறது என்று அர்த்தம். பரோட்டா வாங்கித் தருவதாகச் சொல்லித்தான் எனக்குக் காது குத்தினார்கள். நாய்க்குட்டி காட்டுவதாகக் கூட்டிப் போய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். ஆகவே ஒன்பது வயதுக்குள் நான் யாரையும் நம்பாத பிள்ளையாகத் தயாராகிவிட்டேன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது.

அப்பா அபுதாபியில், முசஃபாவில் ஒரு கராஜில் மெக்கானிக். அம்மாவும் நானும் நான்கு வயதுத் தம்பியும் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து விசிட் விசாவில் வந்து, பலகை வைத்துத் தடுத்த ஓர் அறையில் அவரோடு மூன்று மாதம் இருந்தோம். அதுவரை அப்பா என்பவர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து, சோப்பு வாசனையோடு ஒரு மாதம் தங்கிவிட்டுப் போகிறவர். தூக்கத்தில் அவர் இந்தியில் பேசுவார் என்பதும், ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடிப்பார் என்பதும் அந்த மூன்று மாதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அவரை விட்டுப் போக எனக்குக் கொஞ்சமும் மனமில்லை.

பக்கத்து அறையில் ஒரு மாமா இருந்தார். அப்பாவின் கம்பெனியிலேயே வெல்டர். ஒருநாள் சாயங்காலம் தன் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து எங்களுக்குக் காட்டினார். வேலைக்கு வந்தவர்களின் பாஸ்போர்ட்டெல்லாம் ஆபீஸ் அலமாரியில் பூட்டியிருக்குமாம். ஊருக்குப் போகிறபோதுதான் கையில் தருவார்களாம். மறுநாள் அட்டைப்பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு போன மாமா திரும்பி வரவில்லை. பாஸ்போர்ட் வெளியே வந்தால் ஆள் காணாமல் போய்விடுவார் என்று நான் மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு புதன்கிழமை காலையில் அம்மா எனக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டாள். அப்பா டியூட்டிக்குப் போகவில்லை. கேட்காமலேயே எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு சிப்ஸ் பாக்கெட் வந்தது. எங்கே போகிறோம் என்றதற்கு, “பாறை பாக்கப் போறோம் பாப்பா. பழைய காலத்து ஊரெல்லாம் இருக்காம்” என்றார் அப்பா. பாறை பார்க்க ஒரு மனிதர் லீவு போடுவாரா? குடுமியான்மலைக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர் அவர். நான் அம்மாவின் கைப்பையை எட்டிப் பார்த்தேன். உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட பாஸ்போர்ட்டுகள். எண்ணினேன், மூன்று. அம்மாவுடையது, என்னுடையது, தம்பியுடையது. நாலு பேர் கிளம்புகிற பயணத்தில் மூன்று பாஸ்போர்ட்.

ட்ராவல்ஸ் கார் ஒன்று வந்தது. ஓட்டியவர் கீழக்கரைப் பக்கத்து ஆள். அவரை நாங்கள் டிரைவர் மாமா என்றோம். அல் ஐன் தாண்டி, ஓமான் எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் காரை நிறுத்தச் சொல்லி அப்பா இறங்கிவிட்டார்.

“எனக்கு இங்க கொஞ்சம் வேல இருக்கு. நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க.”

அங்கே கஃபத்தேரியா என்று எழுதிய ஒரு டீக்கடையும் ஒரு டயர்க் கடையும் மட்டும் இருந்தன. அப்பா கையில் ஸ்பானர்கூட இல்லை. தம்பியின் தலையில் வைத்த கையை அவர் வெகுநேரம் எடுக்கவில்லை. எல்லைச் சாவடியில் ஓர் அதிகாரி மூன்று பாஸ்போர்ட்டிலும் முத்திரை குத்தினார். கார் நகர்ந்ததும் டிரைவர் மாமா தணிந்த குரலில் அம்மாவிடம், “போன்ல வந்ததும் சொல்றேன் தங்கச்சி. பிள்ளைக்கு இப்பத் தெரிய வேணாம்” என்றார். எனக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. எங்கள் மூவரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தப் பாதையின் முடிவில் எங்கேயோ விமானம் நிற்கிறது.

ஆனால் உண்மையிலேயே பாறைகள் வந்தன. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. கம்பி வேலி போட்டுக் காக்கிற இடம் அது. காற்றும் மழையும் அரித்த மஞ்சள் பாறைகள் ஆளுயரத்துக்கும் பனையுயரத்துக்கும் நின்றன. கரையான் அரித்த கதவைப் போல ஒவ்வொன்றிலும் நூறு பொந்து. சரிவுக்குக் கீழே மண்ணால் கட்டிய ஓர் ஊர். நாலைந்து நூறு வருஷத்துக்கு முந்தியது என்றார் டிரைவர் மாமா. கூரைகள் விழுந்து, குனிந்து நுழைகிற வாசல்கள் மட்டும் மிச்சம். சுவரைப் பூசியவர்களின் விரல்தடம்கூட அப்படியே இருந்தது. இத்தனை பேர் எங்கே போனார்கள் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அவர்களுக்கும் ஒருநாள் காலையில் புதுச் சட்டை போட்டுவிட்டிருப்பார்கள் என்று நான் முடிவு செய்தேன்.

வாசலில் ஒரு பலகை. கல்லை எடுக்கிற கையின் படம், அதன் மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் வெள்ளை அங்கியும் கைத்தடியுமாக வயதான ஓமானிக் காவலாளி. என் சட்டைப் பையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த இடத்தில் என்னைப் போலவே யாரையும் நம்பாத ஓர் ஆள் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

அம்மா தம்பியை ஒரு பாறைக்குப் பின்னால் ஒன்றுக்குக் கூட்டிப் போனாள். கைப்பையை என்னிடம் கொடுத்தாள். டிரைவர் மாமா போனுக்குச் சிக்னல் தேடி மேட்டில் நின்றார். நான் அம்மாவின் பாஸ்போர்ட்டை மட்டும் உருவினேன். என்னுடையதை எடுத்தால் என்னை மட்டும் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அம்மாவுடையது இல்லாவிட்டால் யாரையும் விமானம் ஏற்ற முடியாது, அப்பாவிடம் திரும்பித்தான் ஆக வேண்டும். அந்த வயதில் எனக்கு அவ்வளவு புத்தி. பாதையை விட்டு இறங்கி ஓடி, ஒரு பாறைப் பொந்துக்குள் கை போகிற மட்டும் அதைத் தள்ளிவிட்டு வந்தேன்.

மதியத்துக்கு மேல் டிரைவர் மாமா சிரித்துக்கொண்டே வந்தார். “வந்திருச்சு தங்கச்சி. ஹலாஸ், வேல முடிஞ்சிருச்சு. யல்லா, கிளம்புவோம்.” வாசலில் காவலாளி எங்களை நிறுத்தினார். கல் ஏதாவது எடுத்திருக்கிறோமா என்று பார்க்க, அம்மாவின் பையிலிருந்த எல்லாவற்றையும் திண்டின் மேல் வைக்கச் சொன்னார். சீப்பு, பிஸ்கட், தம்பியின் மாற்று டவுசர், இரண்டு பாஸ்போர்ட். எடுத்துப் போகிறவர்களைப் பிடிக்கத்தான் அவருக்குத் தெரியும். வைத்துவிட்டு வருகிறவர்களைப் பற்றி அந்தப் பலகையில் எதுவும் இல்லை.

அம்மா பையைக் கவிழ்த்து உதறினாள். பிறகு காரைத் தேடினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா அப்பாவுக்குப் போன் போட்டாள். பாதிப் பேச்சிலேயே அழுதுவிட்டாள். அவள் கையிலிருந்து போனை வாங்கி நான் நேராகக் கேட்டேன்.

“எங்கள ஊருக்கு அனுப்புறியாப்பா?”

“இல்ல பாப்பா. விசா மாத்த ஒருதடவ நாட்ட விட்டு வெளிய போய் வரணும், அதுக்குத்தான் அந்தப் பக்கம் போயிருக்கீங்க. கெடைக்குமோ என்னமோன்னு ஒங்கிட்டச் சொல்லல. இன்னும் மூணு மாசம் எங்கூடத்தான் இருக்கப் போறீங்க.”

“அப்ப நீ இங்க வா.”

அதற்குப் பிறகு போனில் லாரிகள் போகிற சத்தம் மட்டும் கேட்டது. பேச்சில் பொய் கலந்தால் பெரியவர்கள் இப்படித்தான் நிறுத்துவார்கள் என்று எனக்குத் தெரியும். டிரைவர் மாமா என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். “ஒங்க வாப்பாவால இங்க வர முடியாதும்மா. அந்தப் புத்தகம் இல்லாட்டி ஒங்க உம்மாவாலயும் அங்க போக முடியாது. ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் கெடக்க வேண்டியதுதான்” என்றார். அவர் எனக்கு மிட்டாய் எதுவும் நீட்டவில்லை. அதனாலேயே நம்பினேன்.

ஓடினேன். ஆனால் எல்லாப் பாறையும் ஒரே பாறையாக இருந்தது. எல்லாப் பொந்தும் ஒரே பொந்து. எதில் கை விட்டாலும் மணல்தான் வந்தது. அப்போதுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. என்னால் அம்மா அந்த மண் ஊரிலேயே இருந்துவிடப் போகிறாள் என்று சத்தம் போட்டு அழுதேன்.

காவலாளி என் செருப்பைக் காட்டித் தூக்கச் சொன்னார். அடியிலிருந்த பூ அச்சைப் பார்த்தார். பிறகு பாதை ஓரமாகக் குனிந்து நடந்தார். எங்கள் எல்லாருடைய காலடிகளுக்கும் நடுவில் அந்தச் சின்னப் பூவை மட்டும் பிடித்துக்கொண்டே போய், ஒரு பாறையின் முன் நின்று, கைத்தடியை விட்டுத் துழாவினார். கருநீல அட்டை மணலோடு வெளியே வந்தது. ஊதித் துடைத்து அம்மாவிடம் கொடுத்தவர், போகும்போது என் சட்டைப் பையை மறுபடியும் தட்டிப் பார்த்தார்.

எல்லை தாண்டி வந்தபோது காலையில் இறங்கிய அதே இடத்தில் அப்பா நின்றிருந்தார். கஃபத்தேரியாவில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அவர் சட்டை முதுகில் வேர்வை காய்ந்து வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தது. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. அம்மாவிடமிருந்து மூன்று பாஸ்போர்ட்டையும் வாங்கி, ஒவ்வொன்றாகத் திறந்து போட்டோவைப் பார்த்துவிட்டு, மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முசஃபா வரும்வரை விடவில்லை. அங்கே என்ன வேலை இருந்தது என்று கேட்டேன்.

“டீ குடிச்சேன் பாப்பா.”

நான் நம்பவில்லை. அடுத்த தடவை எங்களை அனுப்புவதற்காகத்தான் அவற்றை வாங்கி வைத்துக்கொண்டார் என்று நினைத்து, தூங்காமல் அந்தக் கைகளையே முறைத்துக்கொண்டு வந்தேன்.

அப்பா வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்த வருஷம்தான் அவருடைய பாஸ்போர்ட்டை முதன்முதலாக என் கையில் பிடித்துப் பார்த்தேன். அவ்வளவு வருஷமும் ஆபீஸ் அலமாரியில் பூட்டிக் கிடந்ததில் அட்டை புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. நான் “இங்க வா” என்று சொன்னபோது போனைக் கையில் பிடித்தபடியே எல்லைச் சாவடிவரை நடந்து போனதாகவும், பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றும் அப்போதுதான் சொன்னார். மூன்று தடவை போய்க் கேட்டாராம்.