குடத்தில் குலுக்கிய வீடுகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தொடக்கத்தில், புதுச்சத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாந்திபேதி கண்டது. பட்டம் பெற்று வேலையின்றி இருந்த என்னைச் சுகாதார இன்ஸ்பெக்டருக்குத் தற்காலிக உதவியாளனாக அனுப்பியிருந்தார்கள். ஊரில் குடிநீர்க் கிணறுகள் இரண்டு: சாலையோரம் ஒன்று, மேற்கே காட்டோரம் ஒன்று. எங்களிடமிருந்த ஒரு டப்பா கிருமிநாசினி மருந்து ஒரு கிணற்றுக்கே போதும். அடுத்த டப்பா எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. அதிகம் பேர் குடிக்கும் கிணற்றில் அதைப் போட வேண்டும். தவறினால் உயிர்கள் போகும்.

பஸ் நிற்குமிடத்தில் நின்றவர்களை இன்ஸ்பெக்டர் கேட்டார். "எல்லாரும் ரோட்டுக் கெணறுதானுங்க" என்றார்கள். அவர் டப்பாவைத் திறக்கப் போனார்.

"இங்கே நிற்பவர்கள் இங்கே குடியிருப்பவர்கள், சார். காட்டோரத்தார் ஒருவர்கூட இல்லை" என்றேன்.

"அப்ப ஊரையே கேட்டுட்டு வாரயா தம்பி? பொழுது சாயறதுக்குள்ள போடோணும்."

ஊர் முழுவதையும் கேட்க நேரமில்லைதான். வீட்டு எண்களைச் சீட்டுகளில் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, பாராமல் எடுத்தேன். என் விருப்பத்தாலோ வழியின் வசதியாலோ எந்த வீடும் வந்துவிடக் கூடாது. முதல் மூன்று வீடுகளும் ரோட்டுக் கிணறு என்றன. "போதும்" என்றார் இன்ஸ்பெக்டர். மூன்று வீடுகளின் சொல்லை நம்பி ஓர் ஊரை விட்டுவிட எனக்கு அச்சமாக இருந்தது. இன்னும் சில சீட்டுகளுக்கு மன்றாடி, அவரை இணங்க வைத்தேன்.

நான்காவது வீடு காட்டோரத்தில் இருந்தது. செய்தி எங்களை முந்திக்கொண்டது, கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒரு பெண் குரல் நடுங்கியது: "போயிருங்க சாமி! கொடத்துல கைய உட்டு எங்க ஊட்டையே எடுத்தீங்களாமே. ஆத்தா பலி கேட்டுட்டாளா?"

அம்மன் முன்னால் பூப்பொட்டலங்களைப் போட்டு, ஒன்றை எடுத்து உத்தரவு கேட்கும் ஊர் அது. அவர்கள் கண்ணில் நான் எடுத்தது சாவுக்கான வீடு. தெரு நெடுகக் கதவுகள் அடைபட்டன.

"வேற ஊட்டுக்குப் போலாம். தொறக்கறவங்க சொல்லட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர். அதுதான் கூடாது. நோயாளி கிடக்கும் வீடே அதிகம் அஞ்சும். திறக்கும் வீடுகளை மட்டும் கேட்டால், நோய் தங்கியிருக்கும் கிணறே கணக்கில் வராது.

கதவருகே நின்றேன். "அக்கா, ஆத்தா இல்லீங்க, நான்தான் எடுத்தேன்."

"நீ யாரு எடுக்கறதுக்கு?"

"யாருமில்லீங்க. எந்தக் கெணத்துத் தண்ணின்னு மட்டும் சொல்லுங்க."

குரல் கதவருகே வந்தது: "காட்டுக் கெணறுங்க. எம்பட பொண்ணு காலைலருந்து கண்ணு தொறக்கல."

"தொற தாயி, நான் பாக்கறேன்" என்று இன்ஸ்பெக்டர் உள்ளே போனார். நான் மற்றச் சீட்டுகளுடன், மூடிய கதவுகளுக்கு வெளியே நின்றே கேட்டு முடித்தேன். எடுத்த வீடுகளில் பெரும்பாலானவை காட்டுக் கிணற்றைச் சொல்லின. மருந்தும் அங்கேயே விழுந்தது.

திரும்புகையில் ரோட்டுக் கிணற்றடியில் ஒருவர் வழிமறித்தார். "எங்களை உட்டுட்டீங்களே, நாங்க மனுசங்க இல்லீங்களா?"

"மருந்து வர்ற வரைக்கும் காய்ச்சிக் குடியுங்க."

"வெறகுக்கு எங்கீங்க போறது?" என்றபடியே குடத்தைக் கிணற்றுக்குள் இறக்கினார். அந்தத் தண்ணீரை மொள்ள விடாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"உடுங்க சாமி, புள்ளைங்க தாகத்துல கெடக்குது" என்றார்.