மூச்சு படாத கேசட்டுகள்

மனிதர்களின் அசிங்கம் லிஃப்ட் பழுது பார்ப்பவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. கண்ணாடி வைத்த லிஃப்டில் தலையைச் சரிசெய்துகொண்டு போகிற கனவான்கள் கதவு இடுக்கில் என்னென்ன தள்ளிவிடுகிறார்கள் என்று பார்க்கவேண்டுமானால் கீழே குழிக்குள் இறங்க வேண்டும். எச்சில், மென்று துப்பிய பபிள்கம், நகத்துணுக்கு, குழந்தையின் டயப்பர். ஒருமுறை பல்செட்டே கிடந்தது. கேட்டதற்கு அந்தக் கட்டடத்தில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இவர் ஒவ்வொரு முறை குழியிலிருந்து ஏறி வரும்போதும் முதல் வார்த்தை "ச்சீ"தான். அதனாலேயே கம்பெனியில் அவர் பெயர் ச்சீ அண்ணன் என்று நிலைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் நேரே குளியலறை. முழங்கை வரை சோப்பு, நகக்கண்ணுக்கு பிரஷ். அதன் பிறகுதான் முன்ரூமின் பூட்டைத் தொடுவார்.

அவர் உயிர் அந்த ரூமில்தான் இருந்தது. பழைய வீடியோ கேம் கேசட்டுகள், அவற்றைச் சொருகி விளையாடும் பெட்டிகள், ஒயர் சுற்றிய ஜாய்ஸ்டிக்குகள். சுவர் நிறைய அலமாரி. அலமாரி நிறைய இறுக்கி மூடிய பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் புது ஷூவோடு வருமே, அந்தச் சிலிகா பொட்டலம். ஈரத்தை உறிஞ்சுகிற மெஷின் ஒன்று மூலையில் முனகிக்கொண்டே இருக்கும். அதன் பக்கத்தில் ஈரத்தை அளந்து காட்டும் மீட்டர். வெயில் பட்டால் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் விளக்காத பல்லைப் போல மஞ்சளாகிவிடும் என்று ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார். வீட்டில் வெயில் வருகிற ஒரே ஜன்னல் அது.

இந்தப் பைத்தியம் சும்மா வரவில்லை. சின்ன வயதில் தெருமுனை வீடியோ கேம் கடையில் காசு கொடுத்துக் காத்திருந்து விளையாடியவர் அவர். கைக்கு வருகிற ஜாய்ஸ்டிக்கில் முந்தியவனின் வியர்வை பிசுபிசுக்கும். கேசட் ஓடவில்லை என்றால் ஆளாளுக்குப் பிடுங்கி, வாயருகே வைத்துப் புஸ் புஸ்ஸென்று ஊதுவார்கள். அந்த எச்சில் தெறித்த கேசட்டைத்தான் இவரும் தொட்டாக வேண்டும். அன்றைக்கே முடிவு கட்டினார், சொந்தமாக வாங்கினால் ஒருத்தன் வாயும் அதன் பக்கம் வரக்கூடாது என்று. மூச்சோடு போகிற ஈரம் உள்ளே இருக்கிற செம்புப் பட்டையை அரித்துவிடும் என்று இப்போதும் எல்லோரிடமும் சொல்வார். நூற்றுக்கு நூறு சரி. சரியாகவே பேசுகிறவர்களோடு குடித்தனம் நடத்துவதுதான் கஷ்டம்.

குடித்தனம் நடத்தியவள் அவர் மனைவி. பஸ் நிலையத்தில் மைக்கில் அறிவிக்கிற வேலை. எந்த வண்டி எந்த இடத்தில் நிற்கிறது, எங்கெங்கே நின்று போகும் என்று ஊர்களை வரிசையாகச் சொல்ல வேண்டும். குரல் கணீரென்று இருக்கும். இருந்தது என்று சொல்வதுதான் நியாயம். கொஞ்ச காலமாக மூன்றாவது ஊர் வருவதற்குள் இருமல் முந்திக்கொண்டது. பாதி ஊரை மைக்கில் இருமித் தள்ளினால் பயணிகள் எந்த வண்டியில் ஏறுவார்கள்? மேலதிகாரி ஒருநாள் கூப்பிட்டு, "இப்படியே போனா உங்களை மைக்கை விட்டு எடுக்க வேண்டியிருக்கும்மா" என்று சொல்லிவிட்டார்.

அவள் படுப்பது பின்ரூமில். குளியலறைச் சுவரும் அந்த ரூம் சுவரும் ஒன்றுதான். உள்ளே எங்கோ குழாய் கசிந்து, சுவர் எந்நேரமும் குளிர்ந்துபோய் ஊறிக் கிடக்கும். தலையணையை முகர்ந்தால் நனைந்த செருப்பு நாற்றம். அவர் ஹாலில் படுத்துக்கொள்வார். இவள் இருமலில் தூக்கம் கெடுகிறதாம், காலையில் வேலைக்குப் போகவேண்டுமாம்.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டதுமே சொல்லிவிட்டார். "மருந்து நான் தர்றேன். ஆனா ஈரம் இல்லாத, வெயில் வர்ற ரூமா பாத்துப் படுங்கம்மா. இல்லாட்டி இது போகாது."

அவள் வீட்டுக்கு வந்து அதை அப்படியே ஒப்பித்தாள். "என்னங்க, முன்ரூம்ல ஒரு ஓரமா கட்டிலைப் போட்டுக்கட்டுமா?"

"பாப்போம்" என்றார். எத்தனை முறை கேட்டாலும் பாப்போம். வீட்டுக்காரரிடம் குழாயைச் சொல்லிச் சரிசெய்கிறேன் என்பார். ஊரெல்லாம் போய் லிஃப்டைத் தூக்கி நிறுத்துகிறவருக்கு வீட்டுக்காரர் வீடு எட்டாத தூரமாகிவிட்டது.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அவள் இருமி இருமிக் கண் சிவந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவருக்கே மனசு கேட்கவில்லை. முன்ரூமைத் திறந்து பாயைப் போட்டார். "எதையும் தொடாம படு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அவள் படுத்தாள். இருமாமல் தூங்கினாள். எழுந்தபோது முகமே தெளிந்திருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. மீட்டரைப் பார்த்தார்.

"ஐயோ, எவ்ளோ ஏறியிருக்கு! கொஞ்ச நேரம் படுத்ததுக்கே இப்படியா?"

"நான் எதையும் தொடலைங்க."

"தொட வேணாம்மா, மூச்சு விட்டாலே போதும். உன் மூச்சுல அவ்ளோ ஈரம்." மெஷினைக் கூட்டி வைத்துக்கொண்டே முகத்தைச் சுளித்தார். குழியிலிருந்து ஏறி வரும்போது சுளிப்பாரே, அதே சுளிப்பு.

அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்ரூமுக்குப் போனாள். அதன் பிறகு அந்த ரூமைப் பற்றி அவள் பேச்சே எடுக்கவில்லை. தொல்லை விட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். இப்படி நினைக்கிற புருஷர்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மழைக்காலம் பிறந்தபோது எவனோ ஒருவன் தன் கேசட்டுகளை மொத்தமாகக் கழித்துக் கட்டினான். இவர் விடுவாரா? அள்ளிக்கொண்டு வந்தார். முன்ரூமில் எள் போட இடமில்லை. "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று டப்பாக்களை அவள் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். இறுக மூடிவிட்டால் ஈரம் உள்ளே போகாது என்பது அவர் கணக்கு. மூடுகிறபோதே பின்ரூமின் காற்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது என்பது கணக்கில் வரவில்லை. சிலிகா பொட்டலங்களோ முந்தைய மழையிலேயே குடித்துக் குடித்து வயிறு நிரம்பியவை. சூடுகாட்டி உலர்த்தாவிட்டால் அவை குடித்ததைத் திரும்பக் கக்கும். எல்லாம் தெரிந்தவருக்கு இது தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டப்பா ஒன்றை இழுத்துத் திறந்தார். குப்பென்று அடித்தது. கேசட்டின் லேபிள் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை, பழைய ரொட்டியில் வளர்வதைப் போல, முடியோடு. விரல் பட்ட இடம் வழவழத்தது. வாசலுக்கு ஓடிப் போய்க் காறித் துப்பினார். அப்படியே கடைக்குப் போய் மூக்கையும் வாயையும் கவ்விப் பிடிக்கிற நல்ல மாஸ்க்காகப் பார்த்து வாங்கி, கையுறையும் மாட்டிக்கொண்டு போருக்குக் கிளம்பியவர் மாதிரி திரும்பி வந்தார்.

"கட்டிலைப் பிடி" என்றார். இரண்டு பேருமாக இழுத்தார்கள். கட்டிலுக்குப் பின்னால் சுவர் தரையிலிருந்து தலையணை உயரம் வரை கறுத்திருந்தது. கறுப்பு என்றால் அழுக்குக் கறுப்பு இல்லை. உயிருள்ள கறுப்பு, புசுபுசுவென்று, ஓரங்களில் பச்சை. வேலை முடிந்து வந்து மருந்தைக் குடித்து அவள் முகம் வைத்துப் படுக்கிற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி அது முளைத்திருந்தது.

"அடக் கடவுளே! இதென்ன ரூமா, சாக்கடையா? இதுக்குள்ள ஒரு மாசம் வெச்சா எந்தப் பொருள் உருப்படும்? மொத்தமும் நாசம்! பிளாஸ்டிக்கே இந்தக் காத்துக்குத் தாங்கலையே!" மாஸ்க்குக்குள்ளிருந்து கத்தினார்.

அவள் மறுபக்கம் கட்டிலைப் பிடித்தபடி நின்றாள். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். "நான் கல்யாணமாகி வந்ததிலேர்ந்து இதுக்குள்ளதாங்க இருக்கேன்" என்றாள். பிறகு இருமினாள். இருமல் நின்றதும் அவர் முகத்தைப் பார்த்து, "மாஸ்க் ஒண்ணுதான் வாங்கினீங்களா?" என்று கேட்டாள்.

அவர் கையில் டப்பா இருந்தது. முதலில் அதை முன்ரூமுக்குக் கொண்டுபோனார். அடுத்த டப்பாவுக்குத் திரும்பி வந்தபோது அவள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "தங்கச்சி வீட்டுக்குப் போறேன்" என்றாள். "சரி, நானும் இதையெல்லாம் துடைக்கணும்" என்றார் அவர். வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. அப்போதும் பஞ்சால் லேபிளை ஒற்றிக்கொண்டிருந்தார்.

துடைத்து முடித்த பிறகுதான் வீடு காலியாக இருப்பது உறைத்தது. பெட்டிகளோடு பேச முடியுமா? மச்சினிக்குப் போன் போட்டால், "அக்கா நல்லா இருக்கா மாமா" என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டாள். தவறு செய்துவிட்டோம் என்று புரிந்தது. ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள், தவற்றைத் திருத்துவதையும் தன் பாணியில்தானே செய்வார்? அலமாரிகளை ஒரு பக்கமாக நெருக்கி முன்ரூமில் பாதி இடத்தை ஒழித்தார். அவள் கட்டிலைத் துடைத்து அங்கே போட்டார். புது மெத்தை வாங்கினார். கறுப்புக் காகிதத்தில்கூட ஒரு பக்கத்தைக் கிழித்து வெயிலை விட்டார். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது அவருக்கு.

சில வாரம் கழித்துப் பஸ் நிலையத்துக்குப் போனார். ஒலிபெருக்கியில் அவள் குரல் ஓடிக்கொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு ஊர், எங்கேயும் அறுபடவில்லை. இவர் பெஞ்சில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். பிறகு அறிவிப்பு அறையின் வாசலில் போய் நின்றார். அவள் வெளியே வந்தாள்.

"கட்டிலை முன்ரூம்ல போட்டுட்டேன். வெயிலும் வருது. வா, போலாம்."

அவள் முகம் இளகியது. அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். பையிலிருந்து ஒரு புதுப் பொட்டலத்தை எடுத்து, பரிசு கொடுப்பதைப் போல நீட்டினார்.

"உனக்கும் வாங்கிட்டேன். நல்ல மாஸ்க். தூங்கும்போது இதைப் போட்டுக்கிட்டியானா மீட்டர் ஏறாது. ரெண்டு பேருக்கும் தொல்லை இல்லை பாரு."

அவள் பொட்டலத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். திரும்ப அவர் கையிலேயே வைத்தாள். கோபமாகப் பேசியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். கணக்கு கேட்பவளைப் போல நிதானமாகக் கேட்டாள்.

"நான் மூச்சே விடாம இருந்துட்டா உங்களுக்கு இன்னும் வசதியா இருக்கும், இல்லைங்க?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். வார்த்தை வருவதற்குள் அடுத்த வண்டி வந்து நின்றது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அது போகிற ஊர்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கினாள்.