தவமணி கழற்றாத வெள்ளைச் சட்டை

"தவமணியை வேலையால கலைக்கேல்லை பிள்ளை. அவளாத்தான் விட்டிட்டு வந்தவள்."

"அப்பிடியே அன்ரி? மஞ்சள் பூசிப் பிடிபட்டதில கலைச்சதெண்டெல்லோ கதை."

"ஆர் சொன்ன கதை?"

"பில்டிங் முழுக்க அதுதானே கதை. பொடியளின்ர சட்டையில என்னவோ செய்வினை செய்தவவாம்."

லிஃப்ட் ஏழாம் மாடியில் நின்றது. என்னோடு வந்த கமலாம்பிகை இறங்கவேண்டிய மாடி. நான் கதவில் கையை வைத்து மறித்தேன்.

"நில்லும். முழுக்கக் கேட்டிட்டுப் போம்."

"பால் வாங்கிக்கொண்டு வாறன் அன்ரி, பழுதாப்போகும்."

"பழுதாகட்டும்."

லிஃப்ட் கத்தத் தொடங்கியது. அவள் என் கைக்குக் கீழால் குனிந்து போய்விட்டாள். அவள் கேட்காமல் போனதை மற்றவர்களாவது கேட்கட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

தவமணி என் மூத்த மகள். தொண்ணூற்றைந்தில் ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வந்தவள். மஃபின் செய்யும் ஃபக்டரியில் பதினாறு வருஷம் நின்றாள். பிறகு ஒரு யுனிவர்சிற்றியின் விளையாட்டுக் கட்டடத்தில் லோன்ட்ரி வேலை கிடைத்தது. ஃபுட்போல் ரீமில் விளையாடும் பொடியளின் உடுப்புகளைத் தோய்ப்பது, கிழிந்ததைத் தைப்பது, அவரவர் லொக்கரில் கொழுவி விடுவது. ஆம்பிளைப் பொடியளின்ர வேர்வைச் சட்டை தோய்க்கிற வேலையோ என்று அப்போதும் இந்தக் கட்டடத்தில் கேட்டார்கள். "மாவுத் தூசியை விட வேர்வை நல்லது, இருமல் வராது" என்றாள். அதோடு அந்தக் கதை முடிந்தது.

இந்த ஃபுட்போல் காலால் அடிக்கும் பந்து இல்லை. பந்தைக் கையிடுக்கில், கமக்கட்டுக்குள் அமுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான், மற்றப் பக்கம் அவனைப் போகவிடாமல் விழுத்தும். ரிவியில் முதல்முறை பார்த்தபோது இது கோட்டில் நின்று ஆளை மறிக்கிற எங்கள் ஊர்க் கிளித்தட்டுத்தான், பந்து மட்டும் கூட என்று எனக்குப் பட்டது. பந்தோடு ஓடுகிறவனுக்குக் கைதட்டல் உண்டு, பேப்பரில் படமும் வரும். மறிக்கிறவனை யாரும் கவனிப்பதில்லை. அதனால் அந்த ரீமில் பழைய காலத்திலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். பயிற்சிக்கு எல்லாருக்கும் நீலச் சட்டை. மறிப்பவர்களில் திறமான பன்னிரண்டு பேருக்கு மட்டும் வெள்ளைச் சட்டை.

அதைக் கூட்டம் வைத்துக் கொடுப்பதில்லை. முதல் ஆட்டத்துக்கு முன்னால் கோச் பன்னிரண்டு பெயர்களைக் கடதாசியில் எழுதி லோன்ட்ரியில் வைத்துவிட்டுப் போவார். விடிய, பொடியள் வர முன்னம், தவமணி கொழுவி விடுவாள். வெள்ளையைக் கண்டவன் வாய் திறக்காமல் போட்டுக்கொள்ளவேண்டும். நீலத்தைக் கண்டவனும் அப்படித்தான். சரியாக விளையாடாவிட்டால் அடுத்த திங்கட்கிழமை வெள்ளை போய்விடும். லொக்கரிலிருந்து அதைக் கழற்றுவதும் தவமணிதான். கோச்சின் கை அந்தச் சட்டையில் படக்கூடாது என்பது அவர்களுடைய முறை. தனக்குப் பிடித்தவனுக்குக் கொடுத்தார் என்று ஒருவரும் சொல்லிவிடக்கூடாதாம்.

இனி மஞ்சள் கதைக்கு வருகிறேன். அது உண்மைதான். புதுச் சட்டையைச் சும்மா கொடுக்கலாமா? முதல் வருஷம் பன்னிரண்டு சட்டையின் கரையிலும் என் மகள் மஞ்சள் தொட்டு வைத்தாள். மெஷினில் போட்டபோது சவர்க்காரம் பட்டு அத்தனையும் சிவந்துபோனது. பழைய கோச் இரத்தம் என்று நினைத்து ஓடி வந்தார். எங்கள் ஊர் வழக்கத்தை இவள் தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொல்ல, அந்த மனிசன் சிரித்துவிட்டு, "அப்ப வருஷா வருஷம் வையும்" என்று சொன்னார். பதின்மூன்று வருஷமாக வைத்தாள். பொடியள் அந்தப் பொட்டு இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துத்தான் போடுவார்களாம். செய்வினை என்கிறவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தீபாவளிக்கு எடுக்கும் உடுப்பில் என்ன வைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கதைக்கட்டும்.

நடந்தது வேறு. போன வருஷம் புதுக் கோச் வந்தார். அவர் எதையும் கொம்பியூட்டரில் எண்ணுகிற ஆள். பயிற்சியிலும் ஆட்டத்திலும் யார் எத்தனை பேரை விழுத்தினான் என்று ஒவ்வொருவனுக்கும் ஓர் எண் வைத்திருந்தார். வெள்ளைச் சட்டைக்காரரில் குவாமே என்று ஒருவன். தாய் தகப்பன் கானா நாட்டவர்கள். தமிழ்ப் பொடியனுக்காகச் சண்டை பிடித்தாள் என்று சொல்கிறவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய உடம்பு, நடுவில் நிற்பவன். இரண்டு ஆட்டம் முடிந்தபோது அவனுடைய எண் சைபர். திங்கட்கிழமை விடிய லோன்ட்ரி மேசையில் ஒரு கடதாசி கிடந்தது. குவாமேயின் வெள்ளையைக் கழற்று, எண் கூடிய இன்னொருவனுக்குப் போடு.

தவமணி பதின்மூன்று வருஷத்தில் எத்தனையோ சட்டைகளைக் கழற்றியவள். ஒருநாளும் மறுக்கவில்லை. ஏனென்றால் கழற்றவேண்டியது எது என்று கடதாசி வர முன்னமே அவளுக்குத் தெரியும். கிழிசல் சொல்லிவிடும். பயிற்சியில் மறிப்பவனை எதிர்ப்பக்கம் நிற்பவன் நெஞ்சிலும் கமக்கட்டிலும் பிடித்துத் தள்ளுவான். அங்கே தையல் விடும். ஒருமுறை அவளுடைய தையல் மெஷின் பழுதாகி வீட்டுக்குக் கொண்டுவந்து தைத்தபோது எனக்கும் காட்டினாள். எழுத்து வாசிக்கத் தெரியாத எனக்கே அது விளங்கியது.

குவாமேயின் சட்டை இரண்டு கமக்கட்டிலும் கிழிந்திருந்தது. நெஞ்சில் ஒரே இடத்தில் அவள் முன்னம் போட்ட மூன்று தையல். அவள் அதை எடுத்துக்கொண்டு கோச்சின் அறைக்குப் போனாள்.

"இதைப் பாருங்கோ. இவனை ரெண்டு பக்கத்தாலையும் ரெண்டு பேர் பிடிச்சிருக்கினம். அவை இவனோட மினக்கெட்டுக்கொண்டு நிக்க, பின்னால வாற எங்கட பொடியன் பந்துக்காரனை விழுத்துறான். எண் அவனுக்குப் போகுது."

கோச் சட்டையைப் பார்க்கவில்லை. "தவா, உமக்குத் தையல் நல்லா வரும். ஃபுட்போலை என்னட்டை விடும்."

"மற்றவன்ர சட்டையில ஒரு நூல் விடேல்லை. அவன்ல பிழையில்லை, அவனை ஒருத்தரும் பிடிச்சுத் தள்ளேல்லை. ஆனா வெள்ளை இவன்ர."

"ஒன்பது மணிக்குப் பொடியள் வருவினம். அதுக்குள்ள மாத்தி விடும்."

"நீங்களே கழட்டுங்கோ."

"அது உம்மட வேலை" என்று சொல்லிவிட்டுக் கொம்பியூட்டருக்குத் திரும்பிவிட்டார்.

அவள் லோன்ட்ரிக்கு வந்து எனக்குப் போன் எடுத்தாள். நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்க மாட்டேன். "பென்ஷனுக்கு ரெண்டு வருஷம் கிடக்கு. ஒரு துண்டுச் சீலைதானே, பேசாமக் கழட்டிப்போடு பிள்ளை" என்றேன்.

"அம்மா, கழட்டினா அந்தப் பொடியன் தான்தான் பிழையெண்டு நினைப்பான். வாயும் திறக்கேலாது, அதுதானே அங்கத்தை முறை. என்ர கையால செய்யமாட்டன்."

"வேலை போகும்."

"போகாது. நான் விடுறன்."

"விசரி" என்றேன். போனை வைத்துவிட்டாள். அன்றைக்கு அவள் சொன்னது சரி என்று எனக்கு விளங்க இரண்டு மூன்று நாள் எடுத்தது. அதையும் ஒத்துக்கொள்கிறேன். கமலாம்பிகைக்கு விளங்க அவ்வளவு நாள் கூடக் கொடுக்க நான் தயாராயில்லை, நான் அவளை விடக் கிழவி.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஈர உடுப்பை விட்டுவிட்டுப் போனால் மணக்கும் என்று அது முடியுமட்டும் இருபது நிமிஷம் காத்திருந்தாள். எல்லாவற்றையும் ட்ரையருக்கு மாற்றினாள். குவாமேயின் சட்டையில் இரண்டு கிழிசலையும் தைத்து, அவனுடைய கொழுக்கியிலேயே கொழுவினாள். மற்றவனுடைய கொழுக்கியில் நீலம். பிறகு கோச்சின் அறைக்குப் போய் லோன்ட்ரிக் கதவைப் பூட்டுகிற திறப்பை மேசையில் வைத்தாள்.

"மாத்தினீரோ?"

"இல்லை. வேண்டுமெண்டால் உங்கட கையால செய்யுங்கோ. எல்லாரும் பாக்கட்டும்."

லோன்ட்ரி ஆட்கள் பின்பக்கக் கதவால்தான் போய்வருவது. அன்று அவள் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு முன் வாசலுக்குப் போனாள். பொடியள் உள்ளே வரத் தொடங்கியிருந்தார்கள். "மோர்னிங் மிஸ் தவா" என்று ஒருவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். என் மகள் அவனுக்குத் தாங்க்ஸ் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.