மாடிக்கு ஆள் வந்தால்

எங்கள் மாடிக்கு ஆள் குடிவந்த மறுநாளே அத்தா ரியாத்திலிருந்து வந்துவிடுவார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவரே சொன்ன வார்த்தை அது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து போன் செய்வார். அம்மா பேசி முடித்து ரிசீவரை என் காதில் வைத்ததும், "எப்ப வருவீங்கத்தா?" என்பேன். "மாடிய வாடகைக்கு விட்டுட்டா வந்துட வேண்டியதுதாம்மா" என்பார். அவர் அறையில் இருந்த ஒருவர் ஊரில் மாடி கட்டி, அதை வாடகைக்கு விட்டு, ஒரேயடியாகத் திரும்பிப் போய்விட்டாராம். அந்த ஆளின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனாலும் தொழுது முடித்ததும் அவருக்காகவும் சேர்த்து துஆ கேட்டிருக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், அந்த மாடி வாடகைக்கென்று கட்டியதே இல்லை. தான் குடியிருப்பதற்காக, ஒரு கடிதத்தின் பின்பக்கத்தில் அத்தா படம் போட்டு அனுப்பிய மாடி. கிழக்கே பெரிய ஜன்னல். அங்கே உட்கார்ந்தால் உப்பளமும் அதற்கப்பால் கடலும் தெரியும், காலை டீயை அங்கேதான் குடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். வாடகை யோசனை அவருக்கு வந்தபோது வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. மாடிப்படி எங்கள் கூடத்துக்குள்ளிருந்து ஏறியது.

அது சுனாமிக்கு அடுத்த வருஷம். மாடி வீடு என்றால் எல்லோருக்கும் ஓர் ஆசை இருந்தது. ஆட்கள் வந்து பார்க்கத்தான் செய்தார்கள். அம்மாவுக்குத்தான் வீட்டை வாடகைக்கு விடத் தெரியவில்லை. "போர் தண்ணி உப்புங்க, குடிக்க ஆவாது. மழைல கரன்ட் போச்சுன்னா ரெண்டு நாளைக்கு வராது" என்று அவர்கள் கேட்பதற்கு முன்பே ஒப்பித்துவிடுவாள். மாமா தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, நீ வீட்ட வாடகைக்கு வுடுறியா, வர்றவங்கள தொரத்துறியா?"

அதையும் மீறி மேலே ஏறி, ஜன்னலில் மயங்கி இறங்கி வருபவர்கள் கூடத்தைப் பார்த்ததும் யோசிப்பார்கள். நானும் அம்மாவும் சாப்பிடுவதும் தொழுவதும் அந்தக் கூடத்தில்தான். வீட்டு ஆம்பிளை வெளிநாட்டில் இருக்கும்போது, அதன் நடுவே வேற்று ஆள் ஒருவர் போவதும் வருவதும் நடக்கிற காரியமா? ஒருவர் இதை நாசூக்காக இழுத்தபோது நான் முந்திக்கொண்டு, "நீங்க போறப்ப நாங்க கண்ண மூடிக்கிறோம் அங்கிள்" என்றேன். அவர் சிரித்தார். அம்மா என் தொடையில் கிள்ளினாள். அந்த அங்கிள் திரும்பி வரவேயில்லை.

கடைசியில் மாமாதான் வெளியே தனிப்படி வைக்க ஏற்பாடு செய்தார். இரும்பில் வைத்தால் சீக்கிரம் முடியும் என்றார். "இந்தக் காத்துக்கு ஒரே வருஷத்துல துரு தின்னுடுங்க" என்று கொத்தனார் மறுத்துவிட, கான்கிரீட்டிலேயே கட்டினார்கள். உள்படியை இடித்தால் வீண் செலவு என்று அப்படியே விட்டுவிட்டு, அது மேலே போய் முடிகிற இடத்தை மட்டும் செங்கல் வைத்து அடைத்தார்கள். கொத்தனாருக்கு நான்தான் செங்கல் எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு செங்கலுக்கும் அத்தா கொஞ்சம் கிட்டே வருவதாக எனக்கு நினைப்பு.

குடிவந்தவர் வானூர் பக்கத்துக்காரர். உப்பளத்து ஆபீசில் வேலை. மனைவியும் நான்கு வயதுப் பெண் குழந்தையும் கூட வந்தார்கள். சாயங்காலம் வெளிப்படியில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டதும், மேலே அந்தக் குழந்தை "அப்பா" என்று கத்திக்கொண்டே ஓடும். நான் உள்படியில் ஏறிப்போய், செங்கல் சுவரில் காதை வைத்து அதைக் கேட்பேன். தினமும் கேட்டேன். எங்கள் மாடிக்கு ஓர் அப்பா நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தார். எனக்கு என் அத்தா வேண்டும் போலிருக்கும். அங்கே என்ன செய்கிறாய் என்று அம்மா கேட்டால், படிக்கிறேன் என்பேன்.

ஆள் குடிவந்த மறுநாள் அத்தா வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. அதற்கடுத்த வருஷம்தான் வந்தார். நாற்பத்தைந்து நாள் லீவு என்று அம்மா சொன்னாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இனி அவர் போகவே மாட்டார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்தேன்.

வந்த இரண்டாம் நாள் மாடியைப் பார்க்கக் கிளம்பினார். "திடுதிப்புனு போய் நிக்கக் கூடாதுங்க. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவணும்" என்று அம்மா தடுத்து, என்னை அனுப்பிக் கேட்டுவரச் சொன்னாள். அத்தா இஸ்திரி போட்ட சட்டையும், கையில் ஒரு பாக்கெட் பேரீச்சம்பழமுமாக, தான் கட்டிய மாடிக்கு விருந்தாளியாகப் போனார். "வாங்க பாய், உக்காருங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். கிழக்கு ஜன்னலை மறைத்துக்கொண்டு அவர்களுடைய பீரோ நின்றது. டீ வந்தது. அத்தா பீரோவைப் பார்த்தபடியே குடித்து முடித்தார். "வீடு ரொம்ப ராசிங்க பாய்" என்றார் குடியிருந்தவர். "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு அத்தா எழுந்துகொண்டார்.

கீழே வந்ததும் உள்படியில் ஏறினார். சுவர்வரைக்கும் போய், அதற்குமேல் வழியில்லாததால் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நானும் போய் இரண்டு படி கீழே நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை ஓடுவது கேட்டது. இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது.

"அதான் வாடகை வருதுல்லத்தா. இனிமே போவ மாட்டீங்கல்ல?"

அத்தா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "இம்மாம் வளந்துட்டியேம்மா" என்றார்.

மாடி வாடகையில் குடும்பம் ஓடிவிடும் என்று அவர் கணக்குப் போட்டது, என்னைச் சின்னப் பெண்ணாக விட்டுப்போன நினைப்பில். என் படிப்பும் என் நிக்காஹும் அதற்கான நகையும் அந்தக் கணக்குக்குள் வரவில்லை. அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? அவர் அப்படிச் சொன்னதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன். இவ்வளவு வளர்ந்த பெண்ணை விட்டுவிட்டு எந்த அத்தாவுக்குப் போக மனசு வரும்? இன்னும் கொஞ்சம் உயரமாகத் தெரியட்டும் என்று, பாவாடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி அவர் முன்னால் நின்றேன்.