கொக்கு மாப்பிள்ளை

பறவைப் பூங்காவில் இரை போடும் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரரைக் ‘கொக்கு மாப்பிள்ளை’ என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குப் பொறாமையே இல்லை என்றால் அது பொய். தன் இனத்தில் கடைசியாக மிஞ்சிய கொக்கு அது, பெட்டை. குஞ்சாக வந்ததைப் பாவம் பார்த்து மடியில் வைத்தே இரையூட்டி வளர்த்துவிட்டார். அதுவே வினையாகப் போயிற்று. அது தன்னையும் மனுஷி என்றே நினைத்துக்கொண்டது. நெருங்கிய வேறொரு இனத்தின் ஆண் கொக்கைக் கூண்டுக்குள் விட்டபோது கொத்தி விரட்டியது. இவர் எதிரே நின்று ஜோடிக் கொக்கு மாதிரி கையை விரித்துக் குதித்து ஆடினால்தான் முட்டையிடும். கல்யாணப் போட்டோவுக்குக்கூடச் சிரிக்காத மனிதர், பருவம் வந்தால் காலையெல்லாம் ஆடினார்.

அந்த ஆண் கொக்கின் விந்தைப் பூங்காவின் டாக்டரம்மா சிரிஞ்சில் எடுத்து இதற்குச் செலுத்துவார். முட்டையை விளக்கில் காட்டிப் பார்த்தால் மெல்லிய ரத்த நரம்புகள் தெரியும். சில நாளில் மறைந்துவிடும்.

“ரெண்டும் கிட்டத்து சொந்தம்தான் அண்ணே. ஆனா மரபணு ஒத்துப்போக மாட்டேங்குது. அதான் பாதி வளர்ந்ததுமே கரு செத்துடுது” என்றார் டாக்டரம்மா. வருஷா வருஷம் இதே கதைதான்.

ஒரு வருஷம் ஒரே ஒரு முட்டை பொரிந்தது. என் பிள்ளை பிறந்தபோது சாயங்காலம் வந்து எட்டிப் பார்த்தவர், குஞ்சு பொரிந்த அன்று வீட்டுக்கே வரவில்லை.

குஞ்சின் இறகைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஆணாக இருந்தால், வளர்ந்த பிறகு அதன் விந்தைத் தாய்க்கே செலுத்தி, அந்த வம்சத்தைக் கொஞ்சமாவது காப்பாற்றப் பார்க்கலாம். கண்றாவி என்றேன்; இவர் முறைத்தார். பெட்டை என்றால் அவ்வளவுதான். பறவைகளில் இப்படிக் கலந்து பிறந்தால் பெரும்பாலும் பெட்டைதான் மலடாகுமாம்.

“பெட்டைதான் அண்ணே” என்றார் டாக்டரம்மா.

“இதுவும் முட்டை போடுமில்ல? நான் ஆடுறேன்.”

“போட்டாலும் அதுல உசிரு இருக்காது.”

“ஆடுறதுல எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல டாக்டரம்மா.”

அவர் கையுறையைக் கழற்றினார்.

அடுத்த மழையில் தாய்க்கொக்கு செத்தது. கூண்டிலிருந்த பெயர்ப்பலகையை எடுத்துவிட்டார்கள். மகளுக்கு என்ன எழுதுவதென்று யாருக்கும் தெரியவில்லை. இது என்ன பறவை என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள்.

“எந்த இனமும் இல்லைங்க. இதோட சரி” என்கிறார் இவர். அந்தக் குரலில் கோபமாவது இருந்தால் எனக்குத் தேவலை.